உள்பக்கம் மடக்கிய வலை

கோழிக்கூடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். இடுப்பளவுக்குக் கட்டிவிட்டு, பிறகு முட்டை எடுக்கக் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டு அவதிப்படுவார்கள். நான் ஆறடிக்குக் கட்டினேன். சட்டம் அடிக்க வந்த வெல்டருக்குச் சிரிப்பு. "கோழிக்கு எதுக்கு சார் ஆறடி? நின்னுக்கிட்டா முட்டை போடப்போகுது?" நானும் சிரித்து வைத்தேன். அளவு எழுதிக் கொடுத்த தாளை மட்டும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் சார். கொல்லை மதிலை ஒட்டி ஒரு கூடு, அதன் முன்னால் கோழி உலாவப் பத்தடிக்கு வலை அடைப்பு. வலையின் அடியை ஒரு சாண் அளவு வெளிப்பக்கம் மடக்கிப் புதைப்பதுதான் வழக்கம். வெளியிலிருந்து கீரி தோண்டினால் வலை தடுக்கும். நான் உள்பக்கம் மடக்கியிருந்தேன். வந்து போன இத்தனை பேரில் அதைக் கவனித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கோழிகள் பிறகுதான் வந்தன. பக்கத்து வீட்டு நர்ஸ் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கூடு கட்டி ஒரு வாரமாச்சு, கோழியைக் காணோமே?" என்றார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே ஐந்து கோழி வாங்கினேன். வெயில் படக்கூடாது என்று சொல்லிச் சுற்றிலும் பச்சை வலைத்துணியும் கட்டினேன்.

என் அக்கா மேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தையல் கம்பெனியில் முப்பது வருஷம் உட்கார்ந்து என்னை ஆளாக்கியவள். தப்பாக விழுந்த தையலைத் துணி நோகாமல் பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இரண்டு வருஷமாக ஞாபகம் தப்பிவிட்டது. இரண்டு முறை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்தேன். அறையில் பூட்டினால் கதவைத் தட்டித் தெருவையே கூட்டினாள். கொல்லையில் காற்று உண்டு, வெளிச்சம் உண்டு. நான் ஆபீஸ் போய்த் திரும்பும் வரைக்கும்தான்.

முதல் நாள் கூட்டின் கதவைச் சாத்தியபோது உள்ளிருந்து, "தம்பி, கோழிக்குத் தண்ணி வெச்சியா?" என்று கேட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் வாரம் வலையின் ஓரம் தொங்கியது. சட்டத்தோடு சேர்த்து நான் முறுக்கியிருந்த கட்டுக்கம்பி முடிச்சுகள் பதினேழு, ஒன்றுகூட அறுபடாமல் பிரிந்திருந்தன. அவள் நகக்கண்ணில் ரத்தம். என் பெயரை மறந்து, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் தம்பி என்கிறவளுக்கு முடிச்சுப் பிரிக்க மட்டும் எப்படித் தெரிகிறது? இவள் நடிக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். முடிச்சுகளையெல்லாம் வெளிப்பக்கம் மாற்றினேன். கதவுக்கு இன்னொரு கொண்டி போட்டேன்.

ஆபீஸ் வேலையாக இரண்டு நாள் வெளியூர். கோழிக்குத் தீவனம் போட்டு, தொட்டியில் தண்ணீர் ஊற்றினேன். அக்காவுக்கு ரொட்டியும் மூன்று பாட்டில் தண்ணீரும் வைத்தேன். நர்ஸிடம் அக்காவைக் கூடவே கூட்டிப்போவதாகச் சொன்னேன். "நல்லதுங்க, இடம் மாறினா மனசு தெளியும்" என்றார்.

வேலை இரண்டாம் நாளே முடிந்துவிட்டது. நான் ஐந்தாம் நாள்தான் திரும்பினேன். நடிக்கிறவள் என்றால் வாய்விட்டு நர்ஸைக் கூப்பிடுவாள், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். அவள் கூப்பிடவில்லை. ஏதோ சத்தம் கேட்டதாகவும், கோழி சிறகடிக்கிறது என்று நினைத்ததாகவும் நர்ஸ் உங்களிடம் சொல்லி அழுதாராம்.

தாகத்தில் உயிர் போயிருக்கிறது என்கிறார் டாக்டர். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மூன்று பாட்டில்களும் காலியாகத் தொட்டியை ஒட்டி வரிசையாக நின்றன. அந்த வெயிலிலும் தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. ஆமாம், பூட்டியவன் நான்தான், வராமல் இருந்தவனும் நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் கட்டிய கூட்டைக் குறை சொல்லாதீர்கள். ஐந்து கோழிகளும் உயிரோடு இருந்தன. தண்ணீர் போதாமல் இருந்திருந்தால் முதலில் அவைதானே சார் செத்திருக்கும்?