பாப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ்

பயந்துட்டீங்களாக்கா? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஜன்னல்ல சாஞ்சு கண்ண மூடினீங்கல்ல, நல்லா தூங்குங்கன்னு சொல்றதா நெனச்சுதான் எம் பொண்ணு சொல்லிட்டா. இன்னையோட உன் கதை முடிஞ்சுதுன்னு ஒரு கொழந்த வந்து காதுல சொன்னா யாருக்குத்தான் தூக்கம் வரும். நீங்க தமிழ்னே எனக்குத் தெரியாதுக்கா, திடுக்குன்னு முழிச்சுப் பாத்தீங்களே, அப்பதான் தெரிஞ்சுது.

ஏழு வயசாகுது. இல்லக்கா, வேற தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வீட்ல ரெண்டு பாஷை பேசினா பிள்ள கொழம்பிடும்னு யாரோ சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு அதையே கெட்டியா பிடிச்சுக்கிட்டாரு. பாப்பாகிட்ட இந்த ஊர் பாஷை. தமிழ் எங்க ரெண்டு பேருக்குள்ள மட்டும்.

அவருக்குப் பூட்டு வேலை. சாவிய உள்ள வச்சுட்டு வெளிய நிக்கிறவங்களுக்குப் போய்த் தெறந்து விடுவாரு. தெருவுல யாரக் கேட்டாலும் தங்கமான மனுஷன்னுதான் சொல்வாங்க. கொரல ஒசத்தி நானே கேட்டதில்ல. சாப்பிட உக்காந்தா பாப்பாவுக்கு முட்டை உரிச்சுக் குடுப்பாரு, அவ பாஷையில ஏதாவது வேடிக்கை சொல்வாரு. அந்தச் சிரிப்பு மாறாம எம் பக்கம் திரும்பி, தமிழ்ல சொல்வாரு, இப்ப உங்க காதுல விழுந்துதே, அதத்தான். பாப்பாவும் சேந்து சிரிப்பா. அப்பா உன்னக் கொஞ்சுறாராம்மான்னு கேப்பா. தலையாட்டுவேன், வேற என்ன பண்ண.

ஒரு நாள் பாத்தா, பொம்மைய மடியில போட்டுத் தட்டிக்கிட்டே அதச் சொல்லிட்டிருக்கா. அப்படியே அவரு கொரல். இதுக்கு என்ன அர்த்தம்மான்னா. நல்லா தூங்குன்னு அர்த்தம்னு வாய்ல வந்தத சொல்லிட்டேன். அதுலேர்ந்து தெனம் எனக்குப் போர்வைய இழுத்துவிட்டு, அதச் சொல்லிட்டுதான் படுப்பா. நானும் கண்ண மூடிக்குவேன்.

லீவெல்லாம் இல்லக்கா, பள்ளிக்கூடம் இருக்கு. காலையில கெளம்பத்தான் பாப்பாவுக்குத் தல பின்னிட்டிருந்தேன். அவரு கதவுகிட்ட வந்து நின்னு சொன்னாரு. அதேதான், புதுசா ஒண்ணுமில்ல. ஆனா தமிழ்ல சொல்லல. பாப்பாவப் பாத்துக்கிட்டே, அவளுக்குப் புரியுற மாதிரி சொன்னாரு.

அவரு சொன்னதும் அவ தெனம் சொல்றதும் ஒண்ணுன்னு அவளுக்கு இன்னும் தெரியாது. காலையிலேர்ந்து அவ வாயத் தெறந்ததே உங்ககிட்டதான்.

அவரு குளிக்கப் போனாரு, நாங்க வீட்ட விட்டு எறங்கிட்டோம். ஒரு பக்கம்தான் பின்னியிருக்கு, பாருங்க.

இந்த பஸ் எங்கக்கா போகுது?