சனிக்கிழமை ஓடிய ஒற்றைத் தறி

மேடையில் வீற்றிருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் ஐயா நவநீதகிருஷ்ணன் அவர்களே, மறைந்த அண்ணன் கருணாகரன் படத்துக்கு அருகில் அமர்ந்திருக்கும் சௌடம்மாள் மதினி அவர்களே, தறிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தெருக்காரர்களே, திருச்சுழியிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் பால்ச்சாமி. நூல் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் லோடுமேன். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன்.

தலைவர் பேசும்போது, அண்ணன் கருணாகரன் குடியை விட்டு நிமிர்ந்தவர் என்று பெருமையாகச் சொன்னார்கள். 'நடுவில் ஒருமுறை சறுக்கினாலும் எழுந்துகொண்டவர்' என்றும் சொன்னார்கள். ஐயா மீது குற்றமில்லை. பத்து வருடமாக இந்தத் தெருவே அப்படித்தான் நம்புகிறது. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் மைக்கைக் கேட்டு வாங்கினேன். அண்ணன் சறுக்கவில்லை. ஒரு நாள்கூடச் சறுக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு இங்கே எல்லா விசைத்தறியும் நின்றுவிடும். கூலி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போவார்கள்; என்னைப் போன்றவர்கள் கடைக்குப் போவோம். அஞ்சு மணிக்கு அண்ணன் தறிக்கூடத்தில் மட்டும் ஒரு தறி ஓடும். 'கருணாகரனுக்குக் காசு ஆசை அடங்காது' என்று கேலி பேசினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அது ஆசைக்கு ஓடிய தறியா? குடியை விட முடியாமல் தவித்த ஏழெட்டுப் பேர் அதன் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் பட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு வெளியே கேட்கக் கூடாது என்றுதான் அண்ணன் தறியை ஓட்டினார்.

அந்த இடத்தை நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் கொடுத்த நம்பருக்கு என் மனைவி அமுதவள்ளி போன் போட்டாள். எடுத்தவர் அண்ணன். "யாருகிட்டயும் வழி கேக்க வேணாம்மா. சனிக்கிழம அஞ்சு மணிக்கு அனுப்பு. எல்லாத் தறியும் நின்னுருக்கும். ஓடுற சத்தம் எங்க கேக்குதோ, அங்க வரச் சொல்லு" என்றார். இரண்டு முறை தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தால் தறி நிற்கும். அண்ணன் எழுந்து அதை மாற்றி ஓடவிடும் வரை, பேசுகிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதல் நாள் வந்த எனக்கு அது தெரியவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கட்டும் என்று கத்திப் பேசினேன். தறி சட்டென்று நின்றது. என் குரல் நிற்கவில்லை. "குடிக்காம ஒரு நாளுகூட என்னால இருக்க முடியல!" தெரு முழுக்கக் கேட்டது.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் என் லாரி முதலாளியும் ஒருவர். என் குடியைப் பற்றி இன்னொரு பேச்சு காதில் விழுந்தால் வேலை கிடையாது என்று சொல்லியிருந்தவர். நான் தறிக்குப் பின்னால் ஒடுங்கிப்போய் நின்றேன்.

அண்ணன் வாசலுக்குப் போனார். "நாந்தான் கத்துனேன். ஒண்ணுமில்ல, போங்கப்பா" என்றார்.

எட்டு வருடம் ஒரு சொட்டுத் தொடாத மனிதர் அவர். அன்று முதல் 'மறுபடி ஆரம்பிச்சுட்டாரு' என்று ஊர் பேசியது. சங்கச் செயலாளர் பொறுப்பை விடச் சொன்னார்கள். மறுபேச்சில்லாமல் விட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மதினி கேட்டதற்கு அவர்கள் வீட்டில் பேசும் கன்னடத்தில் அவர் சொன்ன பதிலை, மதினி எனக்குத் தமிழில் சொன்னார்கள்: "எங்கிட்ட எட்டு வருசம் இருக்கு, தாங்கும். அவன் இன்னைக்குத்தான வந்திருக்கான்."

இதற்குப் பெயர் சறுக்கலா? ஐயா, இரங்கல் தீர்மானத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று பலமுறை கேட்டேன். அவர் விடவில்லை. "நீ சொன்னா உள்ள இருக்குறவுக பயந்து வராமப் போயிருவாக" என்றார். போன மாதம் படுக்கையில் இருந்தபோது அவரே கூப்பிட்டார். "நான் போனப்புறம் தெருவுக்குச் சொல்லிரு. சத்தம் எதுக்குன்னு தெரிஞ்சாத்தான் புதுசா ஒருத்தன் வருவான். எல்லாரும் சம்மதிச்சாச் சொல்லு" என்றார். இப்போது அங்கே வருகிற பதினோரு பேரும் சம்மதித்தார்கள். ஆனாலும் என் பெயரைத் தவிர வேறு பெயரைச் சொல்ல மாட்டேன்.

இப்போது என்னிடம் பத்து வருடம் இருக்கிறது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையை மோந்து பார்க்கும் பழக்கத்தை என் மகள் தேவிபிரியா எப்போதோ மறந்துவிட்டாள். இவரை அண்ணன் என்று கூப்பிடக் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

இன்று சனிக்கிழமை. தறிக்கூடத்துச் சாவியை மதினி என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஊடை மாற்ற அண்ணனே எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இன்று அஞ்சு மணிக்கும் தறி ஓடும். எல்லாச் சனிக்கிழமையும் ஓடும். உங்கள் வீட்டில் யாராவது தவித்தால் அந்தச் சத்தத்துக்கு அனுப்புங்கள்.

எனக்கு அண்ணனைப் போலக் கைவேகம் கிடையாது. நடுவில் தறி நின்று, உள்ளேயிருந்து யார் குரலாவது தெருவில் கேட்டுவிட்டால், நீங்கள் எழுந்து வர வேண்டாம். கத்தினது பால்ச்சாமிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.