தெரு முடியுற இடத்துல ஒரு குன்று

– கார இங்கயே நிறுத்துடி. இதுக்கு மேல ரோடு இல்ல.

– ரோடு இருக்குக்கா. அந்தக் கருப்புப் பாறைக்கு அடியில இருக்கு.

– அப்ப என் வீடு?

– அதோ, இன்னும் புகையுதே அந்தக் குன்று, அதோட சரிவுக்குக் கீழ.

– நான் துணி காயப்போட்ட இடத்துல குன்றா? எரிமலை எங்கயோ தூரத்துல இருக்கு. வெடிச்சா அதோட உச்சிதானே வெடிக்கணும்?

– நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். அடியிலிருந்து ஏறி வந்த பாறைக் குழம்புக்கு உச்சி வழி அடைஞ்சு போச்சு. பக்கவாட்டுல விரிசல் தேடி, தரைக்கு அடியிலயே ஊர்ந்து வந்துச்சு. உங்க தெருவுக்குப் பின்னாடி பூமி வாயப் பொளந்துச்சு. மேல தெறிச்சதெல்லாம் கட்டிகட்டியா விழுந்து குவிஞ்சு குன்றாச்சு. வழிஞ்சு ஓடினது தெருவ மூடி, ஆறி, இப்படி இறுகிப்போச்சு.

– அது ஊர்ந்து வர்றது உனக்கு எப்பத் தெரியும்?

– அன்னிக்குக் காலையிலயே. இந்தப் பக்கம் தரை உப்புறத கருவி காட்டுச்சு. குட்டிக் குட்டி அதிர்வெல்லாம் உச்சிய விட்டு இந்தப் பக்கமா நகர ஆரம்பிச்சுது. எங்க ஆபீஸ் பெரியவர், “உறுதியாகட்டும், ஊரக் கலவரப்படுத்தாதே”ன்னார். நான் மாடிப்படிக்கு வந்து உனக்குப் போன் போட்டேன்.

– “பிள்ளைங்களக் கூட்டிட்டுக் கிளம்பு, யார்கிட்டயும் மூச்சு விடாதே”ன்ன.

– வேலை போயிடும்னு பயம்க்கா. சைரன் ஊதினப்ப சாயங்காலம் ஆயிடுச்சு.

– யாருக்கும் ஒண்ணும் ஆகலியே, விடு.

– அது அவங்க நல்ல நேரம். நான் காப்பாத்தினது என் ரத்தத்த மட்டும்தான். சோத்துல கை வச்சா அந்த நெனப்புதான் வருது.

– நீயாவது யார் மூஞ்சியயும் பாக்கல. நான் பீரோவ வழிச்சு எடுத்து வண்டியில போட்டுட்டு இருக்கேன், எதிர்வீட்டுத் தையலம்மா வாசலுக்கு வந்து, “எங்கம்மா இவ்ளோ அவசரம்?”னு கேட்டாங்க. என் பிரசவத்துக்குப் பெத்த தாயா நின்னவங்கடி! கண்ணப் பாத்து, “மாமியாருக்கு சீரியஸ்”னு புளுகிட்டு, அழுதுகிட்டே ஏறிட்டேன். அய்யய்யோ, அவங்களேதான் வர்றாங்க. கார எடு, எடு!

– எடுக்க மாட்டேன். இறங்குக்கா.

– என்ன கண்ணு, கண்டும் காணாத மாதிரி குனிஞ்சுக்கிற?

– தையலம்மா, உங்க கால்ல விழுறேன். எனக்கு முன்னாடியே தெரியும். இவ சொல்லிட்டா. உங்ககிட்ட மறைச்சிட்டேன்.

– அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நான்தான் அவ வாயக் கட்டினேன். ஏதோ சைரன் கேட்டு நீங்கல்லாம் ஓடித் தப்பிச்சீங்க, இல்லேன்னா நான்…

– சைரனா? அது ஊதுறப்ப தெருவுல பூனைகூட இல்ல. மத்தியானமே கதவு கதவாத் தட்டி அத்தனை பேரையும் கிளப்பிட்டேனே!

– உங்களுக்கு யாரும்மா சொன்னது?

– இதோ, உங்கக்காதான். தங்கச்சி எரிமலை ஆபீஸ்ல வேலை பாக்குறா. மாமியார் பேச்ச எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிற இவ, அந்தம்மாவுக்கு முடியலன்னு மூக்கச் சிந்திக்கிட்டு ஓடுறா. பூமி பொளக்கப் போகுதுன்னு இதவிடத் தெளிவா எவ சொல்லுவா கண்ணு?