மலையைப் பார்த்து நின்ற ஒன்பது லாரிகள்

— பஸ்ஸ வுட்டுட்டு எதுக்கு பாப்பா என் லாரில ஏறுன? ஏரியூர்ல இருந்து தர்மபுரி போனா பெங்களூருக்கு நேரா பஸ்சு. நீ என்னடான்னா சுத்திக்கிட்டு தொப்பூர்ல வந்து நிக்கற.

— உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்ண்ணா. போன்ல கேக்க முடியாது.

— கல்யாண விசயமா?

— இல்ல. ஆபீஸ் விசயம்.

— சாட்டிலைட் ஆபீஸ் விசயத்த எட்டாங்கிளாஸ் பெயிலுகிட்ட கேக்கறியாக்கும். கேளு, கேளு. மேல கணவாயில டேங்கர் சாஞ்சு கெடக்குதாம். ரெண்டு மணி நேரத்துக்கு எந்த வண்டியும் நகராது.

— வெளிய சொல்லக்கூடாது. அண்ணிகிட்டயும்.

— அவகிட்ட நான் என்னத்தச் சொல்லி, அவ என்னத்தக் கேட்டா. சொல்லு.

— நாலு நாடு சேந்து ஒரு ஏற்பாடு. எதிரி படை எங்க நகருதுன்னு மேல இருந்து பாக்கறது. ஒருத்தரோட சாட்டிலைட் படம் எடுக்கும். நாலு நாட்டுலயும் ஒவ்வொரு ஆளு அதப் பாத்து என்னன்னு சொல்லணும். நம்ம பக்கம் நான்.

— என் லாரி நம்பரு தெரியுமா அதுல?

— தெரியாது. லாரின்னு தெரியும்.

— அப்பச் சரி. ஓவர்லோடு ஏத்தலாம்.

— அண்ணா.

— சரி, சரி. சிரிப்பன்னு பாத்தன். மூணு நாளா வூட்டுல சோறே திங்கலையாமே. அம்மா சொல்லுச்சு.

— படத்தக் காட்ட முடியாது. டேஷ்போர்டு தூசில வரையறன், பாரு. இது மலை. இது மண்ரோடு. சாயங்காலம். மலை நெழல்ல ஒம்பது வண்டி.

— எந்த ஊரு?

— அதக் கேக்காத. ரெண்டு ரெண்டா ஒட்டி நிக்குது. நடுவுல மேலாக்க ஏதோ துணி இழுத்துக் கட்டியிருக்கு. ஒண்ணு மட்டும் தள்ளி நிக்குது. அதோட முன்பக்கம் நீண்டு, கோணலாத் தெரியுது.

— ம்.

— இது படையா, இல்ல வேற எதாச்சுமான்னு கேக்கறன். பட்டுனு சொல்லாத. யோசிச்சுச் சொல்லு.

— இதுல யோசிக்க என்ன இருக்குது? அது துணி இல்ல, தார்ப்பாய். ரெண்டு வண்டிக்கு நடுவுல தார்ப்பாய் கட்டிக் கீழ அடுப்பு வெச்சிருக்கானுவ. தள்ளி நிக்கறவன் கேபினத் தூக்கி வுட்டிருக்கான், எஞ்சின்ல வேல. அவன அத்துவானத்துல வுட்டுட்டுப் போவக்கூடாதுன்னு மத்தவனுங்க காத்துக் கெடக்கறானுவ. போன மாசம் நாக்பூர் தாண்டி நாங்களும் இப்படித்தான் நின்னம்.

— ஏவுகணை வண்டிய மறைக்கத் தார்ப்பாய் கட்டமாட்டாங்களா?

— பட்டாளத்து வண்டிய இந்த ரோட்டுல நான் எத்தன பாத்திருக்கன். எங்க நிறுத்துனாலும் அளந்து வெச்சாப்புல இருக்கும். சட்டுனு கெளம்பணும்னு மூஞ்சி ரோட்டப் பாத்து நிக்கும். இவனுங்க வண்டி மூஞ்சி மலையப் பாத்து நிக்குது, நீதான வரஞ்ச.

— வேற நாட்டுப் படை அப்படியும் நிறுத்தலாம்ல?

— என்னய எதுக்கு பாப்பா வேற மாதிரி சொல்ல வெக்கப் பாக்கற?

— மத்த மூணு பேரும் ஏவுகணை வண்டின்னாங்க. நாலு பேரும் ஒரே பதில் சொன்னாத்தான் அறிக்கை மேல போவும். போச்சு. நாப்பது நிமிசத்துல குண்டு போட்டாங்க.

— யாரு?

— படம் எடுத்த நாடு இல்ல. சாட்டிலைட்ல இருந்து அதக் கீழ இறக்கிக் குடுத்த நாடும் இல்ல. அந்த நாலுல இன்னொருத்தரு.

— வண்டில என்ன இருந்துச்சு?

— மாவு மூட்டை. பதினோரு பேரு. எல்லாம் ட்ரைவரு, கிளீனரு.

— முருகா.

— நாளைக்குக் காலையில விசாரணை. அந்தப் படத்தப் பாத்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். மத்த மூணு பேரும் போட்டுட்டாங்க.

— நீயும் போடு. அழுவாத. நீ என்ன லாரி ஓட்டுனவளா? பிசிக்ஸ் படிச்ச புள்ள. தார்ப்பாய் கட்டி ஆக்கித் திங்கறது உனக்கு எப்படித் தெரியும்? தெரியாம சொன்னது பாவத்துல சேராது பாப்பா.

— லீவுல அப்பாகூட லாரில நானும்தான வந்திருக்கன்.

— அதுக்கு?

— படம் வந்த அஞ்சு நிமிசத்துல என் நோட்டுல எழுதிட்டன். சரக்கு லாரி, ஒண்ணு ரிப்பேரு, சமையல் நடக்குதுன்னு. நான் எழுதுனது தப்புன்னு நீ சொல்லிடுவன்னுதான் சுத்திக்கிட்டு இங்க வந்தன்.

— எழுதுனத அவங்ககிட்ட ஏன் சொல்லல?

— மூணு பேரும் திரையில என்னயவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பேசுனா என் இங்கிலீசு புரியாம, திரும்பச் சொல்லுங்கம்பாங்க. வெக்கமா இருந்துச்சுண்ணா. ஒத்துக்கறன்னு தலைய ஆட்டிட்டன்.