பிரேக் ஆயில் மாத்திட்டியா?

— வண்டி மேல போட்டிருக்கற கவர நீங்க தூக்காதீங்க பாபி, நானே எடுக்கறேன். முன்பக்கம் பாக்க நல்லா இருக்காது.

— பாக்கத்தான் வந்தேன் ஜீவாண்ணா. அவர் போனப்பறம் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளயே இத்தா இருந்து முடிச்சு, இன்னிக்குத்தான் வாசல் தாண்டறேன். அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு உங்க ஷெட்டுக்கு ஆட்டோ ஏறிட்டேன்.

— தனியாவா? உங்க மாமனாருக்குத் தெரியுமா?

— தெரியாது. அவர் உங்க மேல கோவமா இருக்கார். ராணிப்பேட்டை ஸ்கிராப்காரன் மூணு தடவ வண்டி எடுக்க வந்தானாம், நீங்க திருப்பி அனுப்பிட்டீங்களாம். செத்தவன் வண்டிய வெச்சு இவன் இன்னா பண்ணப் போறான்னு கேக்கறார்.

— வண்டிய ரெடி பண்ணிடலாம் பாபி. இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. கேளுங்க, உங்க ஹம்மாத் மாதிரி இந்த ஆம்பூர்ல எவனும் வண்டி வெச்சிருந்ததில்ல. ஸ்போர்ட்டி வண்டின்னா நம்ம பசங்களுக்கு இன்னா தெரியும்? சைலன்சர மாத்துவான், ஸ்டிக்கர் ஒட்டுவான், பைபாஸ்ல ஒரு மிதி மிதிப்பான். டயர் ஓரத்துல நாலு நம்பர் போட்டிருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு. அத எவன் குனிஞ்சு பாக்கறான்? டயர் மேல பட்டன் தேயலையே, இன்னும் ஓடும்னுவான். ஹம்மாத் அப்பிடி இல்ல. அஞ்சு வருஷம் ஆச்சா, பட்டன் புதுசா இருந்தாலும் கழட்டுடாம்பான். இஞ்சின் ஆயில் புக்ல போட்டிருக்கறதுக்கு முன்னாடியே மாத்துவான். வேலூர் போய்ட்டு வந்தா டர்போ ஆறட்டும்னு ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணாம உக்காந்திருப்பான்.

— எனக்கா தெரியாது. வாசல்ல வண்டி நிக்கிற சத்தம் கேக்கும், ஆளு உள்ள வர மாட்டார். சாப்பாடு ஆறுதுன்னு கத்துவேன். இதுவும் ஆறணும் ஹுமேரான்னு அங்கருந்தே சொல்வார்.

— அவன்தான் பாபி கார்க்காரன். ஓடற வண்டி யார் வேணா வெச்சிக்கலாம். நினைச்ச எடத்துல நிக்கிற வண்டி வெச்சிருக்கறவனுக்குத்தான் வேகமா போற உரிமை இருக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம். பவர ஏத்தறதுக்கு முன்னாடி பிரேக்க பாருன்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் சொல்லிக்கிட்டே இருப்போம்.

— ஆனா இது நிக்கல.

— உக்காருங்க. டீ சொல்றேன்.

— டீ வேணாம்ணா. ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். போலீஸ் ஓவர்ஸ்பீடுன்னு எழுதிட்டாங்க. மாமனாரும் பாக்கறவங்ககிட்டல்லாம் அதையே சொல்றார், வேகம்தான் என் புள்ளைய எடுத்துக்கிச்சுன்னு. யுஸ்ராவுக்கு எட்டு வயசு. உங்கப்பா ரேஸ் ஓட்டி செத்தாராமேன்னு ஸ்கூல்ல கேட்டிருக்காங்க. அவ என்கிட்ட வந்து கேக்கறா. நான் இன்னா சொல்ல? நிஜமா வேகமா போனாரா?

— இல்ல.

— எனக்கு ஆறுதலுக்கு சொல்லாதீங்க.

— கதவுகிட்ட வாங்க, உள்ள பாருங்க. கியர் ரெண்டாவதுல இருக்குது. அடிச்ச அடியில அங்கயே மாட்டிக்கிச்சு. ரெண்டாவது கியர்ல ஏலகிரி மலை இறங்கறவன் ரேஸ் ஓட்டல பாபி. ஹேண்ட்பிரேக்கப் பாருங்க, மேல இழுத்திருக்கு. அவன் நிறுத்தத்தான் பாத்திருக்கான். அத்தன வளைவையும் நிறுத்தப் பாத்துக்கிட்டே வந்திருக்கான்.

— யா அல்லா.

— அழாதீங்க பாபி.

— அழ விடுங்க. வீட்ல எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க, அழக்கூட முடியல. சரி, சொல்லுங்க. ஏன் நிக்கல?

— பிரேக் ஆயில். கேளுங்க, அது ஓடற கிலோமீட்டர் கணக்கு இல்ல. சும்மா நின்னாலும் மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி காத்துல இருக்கற தண்ணிய இழுத்துக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும். டவுன்ல ஓட்டறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. மலை இறங்கறப்ப பிரேக்க மிதிக்க மிதிக்க சூடு ஏறுது, அந்தத் தண்ணி கொதிக்குது.

— நான் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி பாடம் எடுக்கறவ. கொதிச்சா ஆவி. ஆவிய அமுக்கினா அமுங்கிடும். பெடல் தரைக்குப் போய்டும்.

— ஆமா. காத்த மிதிக்கிற மாதிரி இருக்கும். இந்த டப்பாவப் பாருங்க, அந்த ஆயில்தான், டிகாஷன் கலர்ல இருக்குது. புதுசு எண்ணெய் மாதிரி தெளிவா இருக்கணும். இதுக்காகத்தான் வண்டிய விடல. ரெடி பண்ணலாம்னு சொன்னதெல்லாம் சும்மா. ஸ்கிராப்புக்குப் போனா இதுவும் போய்டும். உங்களுக்குக் காட்டாம அனுப்ப மனசு வரல. இத்தால இருக்கறவங்க வீட்டுக்குள்ள வெளி ஆம்பள நான் வந்து எப்பிடி பேசறது? நாலு மாசமா நெஞ்சுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— எல்லாத்தையும் அவ்ளோ பாத்தவர் இத மட்டும் ஏன் மறந்தார்?

— அவன் மறக்கல. மறந்திருந்தா எனக்கு இவ்ளோ பேஜார் இல்ல. அந்த வாரம் ராணிப்பேட்டை பக்கம் கலவைல என் மச்சான் வீட்டு விசேஷம், நான் ஊர்ல இல்ல. வாணியம்பாடில ஒரு கடையச் சொல்லி, அங்க போய் மாத்திக்கோடான்னு சொன்னேன். புதன்கிழமை சாயந்தரம் மெசேஜ் போட்டேன், பிரேக் ஆயில் மாத்திட்டியான்னு. பதில் ஒரே வார்த்தை. கல்.

— கல்லா?

— உங்க உருது கல். சின்ன வயசுலருந்து உங்க தெருவுலயே வளந்தவன், அண்ணின்னு சொல்லாம பாபின்னு கூப்பிடறவன், உருதுல திட்டினா உருதுலயே திருப்பித் திட்டுவேன். எனக்குத் தெரியாதா, நேத்துக்கும் அதே கல், நாளைக்கும் அதே கல்லுன்னு? கூட ஒரு வார்த்தை இருந்தா புரியும். ஒத்த வார்த்தையா வந்துச்சு. பந்தி நடந்துக்கிட்டு இருந்தது, நான் நேத்தே மாத்திட்டான்னு எடுத்துக்கிட்டேன். திருப்பிக் கேக்கல.

— அவர் நாளைக்குன்னு சொன்னார்.

— ஆமா. வியாழக்கிழமை ஏதோ தோல் ஷிப்மெண்ட்னு சென்னை போய்ட்டான், வெள்ளிக்கிழமை கடை லீவு. இதெல்லாம் அப்பறம் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. இதவிட பெரிய கொடுமை ஒண்ணு இருக்கு பாபி. சனிக்கிழமை எனக்கு ஃபோன் பண்ணான். ஞாயித்துக்கிழமை ஏலகிரி போலாமா ஜீவா, வண்டி தாங்குமான்னு கேட்டான். தாராளமா போடான்னேன். மாத்தாதது எனக்குத் தெரியும்னு அவன் நினைச்சிருக்கான். தெரிஞ்சே ஜீவா போங்கறான், அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி ஏறிட்டான். பிரேக்கப் பத்தி ஊருக்கே க்ளாஸ் எடுத்த வாய் இது.

— அந்த மெசேஜ் இன்னும் இருக்கா?

— அழிக்க முடியல. இந்தாங்க, பாருங்க. புதன்கிழமை, ஏழு அஞ்சு. பாப்பா கேட்டா என் பேரச் சொல்லுங்க பாபி. வேகம் இல்ல, ஜீவா மாமா செஞ்ச தப்புன்னு சொல்லுங்க. உங்க மாமனார்கிட்டயும் நானே வந்து சொல்றேன். நீங்க இன்னா திட்டினாலும் வாங்கிக்கறேன்.

— உங்க பேரச் சொல்ல முடியாதுண்ணா.

— ஏன் பாபி?

— ஏழு மணிக்கு அவர் குளிச்சிக்கிட்டு இருந்தார், நான் மாவு பிசைஞ்சிக்கிட்டு இருந்தேன். ஃபோன்ல மெசேஜ் வந்தது, ஜீவாண்ணா கேக்கறார்னு கதவுகிட்ட போய் சொன்னேன். இன்னும் இல்ல, நாளைக்கு மாத்திக்கறேன்னு போடு ஹுமேரான்னு அவர் உள்ளருந்து முழுசாத்தான் சொன்னார், கை பூரா மாவா இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தைய அடிச்சு அனுப்பினது நான்.