கிண்ணத்துக்குப் பதில் மண்

உங்கள் அறை நல்ல காற்றோட்டமாக இருக்கிறது, சார். எங்கள் முன்னறையில் ஒரே ஜன்னல். அதையும் அட்டைப்பெட்டிகள் மறைத்துக்கொண்டிருக்கும். வீட்டுச் சாமான்களை இணையத்தில் விற்கும் எங்கள் குட்டிக் கடை அந்த அறைதான். பீங்கான் கிண்ணம், ஃபிளாஸ்க், வடிகட்டி என்று ஆர்டர் வந்ததை அக்கா காகிதம் சுற்றிப் பெட்டியில் வைப்பாள். டேப் ஒட்டுவது நான். நாள் முழுக்கச் சிரிப்பும் கும்மாளமும்தான். எங்கள்மேல் என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கும்.

பெட்டிகளை எடுத்துப்போக வருபவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில்காரர். ஆள் மாடிப்படி ஏறும் முன்பே விசில் வந்துவிடும். தங்கமான மனுஷன், அதில் குறை சொல்ல மாட்டேன்.

"என்னம்மா தங்கச்சி, உங்கக்காவையும் உள்ள வெச்சு ஒட்டிட்டியா? இந்தக் கனம் கனக்குது!" என்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

ஒருநாள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மடித்த காகிதத்தையே திரும்பத் திரும்ப மடித்தாள். பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அவரு கேட்டாருடி. நான் சரின்னுட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் கடையை அங்கயே மாத்திக்கலாம். நீயும் தினமும் வந்துடு."

வந்துடு. விருந்தாளியிடம் சொல்வதுபோல.

நான் கோபப்படவில்லை, கோபம் என் சுபாவத்திலேயே கிடையாது. அக்காவின் வாழ்க்கை வீணாகிவிடக் கூடாதே என்றுதான் யோசித்தேன். அவள் குளிக்கப் போகும் நேரத்தில், பெட்டியிலிருந்த சாமானை எடுத்துவிட்டு, பூந்தொட்டி மண்ணைப் பையில் கட்டி அதே எடைக்கு வைத்து ஒட்டினேன். எடுத்ததெல்லாம் என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு கீறல் விழவில்லை.

மண்ணைப் பார்த்த வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய்ப் போலீஸில் புகார் கொடுத்தார்கள். கொரியர் ஆபீஸில் விசில்காரரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவருடைய அம்மா எங்கள் வாசலில் நின்று, "என் பையன் அடுத்தவங்க பொருளைத் தொட மாட்டாம்மா" என்று அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது. உட்கார வைத்து டீ கொடுத்தேன். போகும்போது கையில் ஒரு புது ஃபிளாஸ்கும் கொடுத்தனுப்பினேன். கட்டிலடியில்தான் நிறைய இருந்ததே.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உங்கள் ஆட்கள் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வழியில் யாரும் பிரித்த தடமே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். என் கை அவ்வளவு சுத்தம். சாமானை உள்ளே வைத்தது அக்கா என்பதால், சந்தேகம் அவள்மேல் திரும்பியது. அதைக் கேள்விப்பட்டதும் விசில்காரர் இங்கே ஓடிவந்து, "நான்தான் எடுத்தேன், அவங்களை விட்டுடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

இன்று காலை அக்கா அவரைப் பார்க்க ஜெயிலுக்குக் கிளம்பிவிட்டாள். "எத்தனை வருஷம் உள்ள வெச்சாலும் காத்திருப்பேன்டி" என்கிறாள்.

அதனால்தான் நானே வந்தேன். சாமானை எடுத்தது நான். மண் வைத்தது நான். நன்றாக எழுதிக்கொண்டு, அக்காவிடமும் காட்டுங்கள், சார். இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆளை நம்பி என் அக்காவை எப்படி அனுப்புவது?