கம்பி கட்டிய வாய் பேசுகிறது

பல் சுகாதார விழாவின் தலைமை ஏற்று அவைக்கு அழகு சேர்க்கும் பசறைக் கடைத்தெருப் பெரியவர் ஸலீம் ஹாஜியார் அவர்களே, விடியலில் பெரட்டுக்கு நின்று பேர் பதிந்து, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் என் தாய்மார்களே, என்னைத் 'தண்டவாளம்' என்று கூப்பிடும் பின்வரிசைத் தோழர்களே, அனைவருக்கும் பல் தெரியச் சிரித்து வணங்குகிறேன்.

ஆமாங்க, பல்லில் கம்பி கட்டிய தண்டவாளம்தான். ரயில் பாதை பதுளையோடு முடிந்துவிடும். இந்தத் துவாரகாவின் பேச்சு முடியாது. கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், கதை இருக்கிறது.

பல்லுக்குக் கம்பி பாதை. சோற்றுப் பருக்கைக்கோ அது புகலிடம். பிரஷ் புகாத இடுக்கில் பருக்கை புகுந்தது, பருக்கை புகுந்த இடத்தில் புண் புகுந்தது. ஈறில் இரத்தம் கசிந்தது. "அடுத்த கிளினிக்குக்குள்ள ஆறணும் மகள். இல்லாட்டி கம்பியக் கழட்டத்தான் வேணும்" என்ற பல் வைத்தியர், வாய் கொப்பளிக்க ஒரு மருந்து தந்தார். கழற்றினால் மிஞ்சுவது யார்? கோணல் பல்லை மறைக்க வாயைப் பொத்திப் பேசிய பழைய துவாரகா. அவளாக மாற எனக்கு மனமில்லை.

காலையும் கொப்பளித்தேன், மாலையும் கொப்பளித்தேன். கண்ட பலன் என்ன? பல்லெல்லாம் பழுப்பு. என் அம்மா கருப்பம்மாவுக்கு வந்ததே கோபம். "மருந்தா இது? ஊத்தி எறிடி" என்றார். நான் எறியவில்லை. போத்தலோடு கிளினிக்குக்கே போனேன்.

"கொப்பளிச்ச கையோட என்ன குடிப்பீங்க?" என்று கேட்டார் வைத்தியர். நான் வாய் திறக்குமுன் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த கூட்டமே பதில் சொன்னது: "தேத்தண்ணி."

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அதுதானே? இந்த மருந்தோடு தேயிலைச் சாயம் சேர்ந்தால் கறை பிடிக்குமாம். முதலில் தேத்தண்ணி, பிறகு பிரஷ், கொஞ்சம் பொறுத்து மருந்து, அதன்பின் வாய்க்கு ஓய்வு. மருந்து இருக்கிறதென்று பிரஷை விட்டுவிடாதே என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து அடுப்படி வழக்கத்தையே அம்மா மாற்றினார். நான் கொப்பளித்த பிறகு தானும் தேத்தண்ணியைத் தொடவில்லை. மலையேறி இறங்கிக் களைத்தவர், அது இல்லாமல் எனக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார்.

போன கிளினிக்கில் ஈறை அழுத்திப் பார்த்தார்கள். இரத்தம் வந்ததா? வரவில்லை. கறை நின்றதா? சுத்தம் செய்தார்கள், இன்றுவரை திரும்ப வரவில்லை. கம்பி கழன்றதா? கழலவில்லை, பல் நேராகும்வரை கழலவே கழலாது. பொத்திய வாய் இன்று உங்கள் முன் திறந்திருக்கிறது. இப்போது தட்டுங்கள் கையை.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. வெளியே தேத்தண்ணி மணக்கிறது. நான் கொப்பளித்து வெகுநேரமாகிவிட்டது. அம்மா, வாங்க, இன்னைக்கு ரெண்டு பேருமா சேர்ந்து குடிப்போம். வணக்கம்.